மழையில் மட்டும் நிற்கும் லாரி

"ஹாரன் அடிச்சா கிளம்பிடும்னா, நானே அடிச்சிருக்க மாட்டேனா?"

பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலேயே கத்தினாள் அவள்.

பாலத்தின் நட்டநடுவில் நீல நிற லாரி. லாரிக்குள் நாலாயிரம் கண்ணாடி பாட்டில்கள். லாரிக்கு மேல் மழை... சாதாரண மழையா அது? மேலே யாரோ வாளியைக் கவிழ்த்துவிட்டு, நிமிர்த்த மறந்துபோன மழை.

பின்னால் நின்ற சின்ன வேனின் கதவு திறந்து மூடியது. ஈரச் செருப்பின் சத்தம் நெருங்கி வந்தது. பிறகு ஒரு குரல்.

"ஹாரன் நான் அடிக்கலைங்க. எனக்குப் பின்னாடி நிக்கிற பஸ்ஸு. பரவாயில்ல, திட்டை நானே வாங்கிக்கிறேன்."

நிமிர்ந்தாள். முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. அதை அவன் தன் தலைக்குப் பிடிக்கவில்லை... திறந்து கிடந்த அவளுடைய இன்ஜினுக்குப் பிடித்திருந்தான். அவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில், டாக்டர்கள் குழாய் மாட்டிக்கொள்வதுபோல், மஞ்சள் நிற மீட்டர் ஒன்றை ஒயரோடு மாட்டியிருந்தான். கண்கள்... சிரிக்கலாமா வேண்டாமா என்று அனுமதி கேட்டு நிற்கிற கண்கள்.

அனுமதி கிடையாது என்பதுபோல் முறைத்தாள்.

"டீசல்ல தண்ணி. ஃபில்டர்ல வடிச்சு, குழாய்ல மாட்டின ஏரை எடுத்தா கிளம்பிடும். அஞ்சு நிமிஷம்."

"மழையில மட்டும்தான் நிக்குதா?"

அவள் கை ஒரு நொடி நின்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதான் கேட்டேன்."

"மழை பெய்யுது, டேங்குக்குள்ள தண்ணி இறங்குது. இதுல என்ன பெரிய ஆராய்ச்சி?"

"நிக்கும்போது திணறித் திணறி நின்னுச்சா? இல்ல, சாவியை அணைச்ச மாதிரி பட்டுனு நின்னுச்சா?"

"பட்டுனு."

"அப்போ டீசல் இல்லங்க. கரண்ட்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கோபத்தோடு சேர்ந்து வரும் சிரிப்பு.

"சார், இது டீசல் இன்ஜின். இதுல பிளக்கே கிடையாது. ஓட ஆரம்பிச்சா அது பாட்டுக்கு ஓடும். நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங். எங்க வீட்டுலயே முதல் டிகிரி. அதை இந்தப் பாலத்துல வச்சுப் பிடுங்கிடாதீங்க."

"பிடுங்கலைங்க. ஆனா பம்ப்பு மேல ஒரு சொலினாய்டு இருக்கே... கரண்ட்டு வர்ற வரைக்கும் டீசலுக்குக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டிருக்கும். கரண்ட்டு குறைஞ்சா கதவை விட்டுடும். ஓடுறதுக்குக் கரண்ட்டு வேணாம். நிக்காம இருக்கத்தான் வேணும்."

அவள் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்தாள். டீசலோடு இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. 'பார்' என்பதுபோல் அவனைப் பார்த்தாள். கைப்பம்ப்பை அடித்து ஏர் எடுத்தாள். கேபினுக்குள் ஏறிச் செல்ஃப் அடித்தாள். இன்ஜின் உறுமியது.

"கரண்ட்டாம், கரண்ட்டு," என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு, வைப்பரையும் லைட்டையும் போட்டு லாரியை நகர்த்தினாள்.

பாலம் முடிவதற்குள் லாரி நின்றது. பட்டுனு.

கண்ணாடியில் பார்த்தாள். வேன் அவளைத் தாண்டிப் போகவில்லை. பின்னாலேயே, விளக்கு மினுக்கிக்கொண்டு நின்றது. அவன் மறுபடி குடையோடு இறங்கி வந்தான். இப்போதாவது சிரிப்பான், சிரித்தால் ஸ்பேனரால் அடிக்கலாம் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை.

"லோடு எத்தனை மணிக்குப் போகணும்?"

"பத்தரைக்கு." பத்தேகால் ஆகியிருந்தது.

"வைப்பரைப் போடாதீங்க. லைட்டையும் போடாதீங்க. நான் முன்னாடி போறேன். என் பின் லைட்டைப் பார்த்துக்கிட்டே மெதுவா வாங்க."

அப்படித்தான் போனார்கள். முன்கண்ணாடியில் மழை உருகி வழிந்தது. கடைகள், மரங்கள், மனிதர்கள் எல்லாம் கரைந்து ஓடினார்கள். கரையாமல் இருந்தவை இரண்டே இரண்டு சிவப்புப் புள்ளிகள். அவை திரும்பினால் திரும்பினாள். அவை தயங்கினால் தயங்கினாள். யார் பேச்சையும் கேட்காதவள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிற பெண், முன்பின் தெரியாத ஒருவனின் பின்னால்...

தொழிற்சாலை வாசலில் வேன் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டு வளைந்து போய்விட்டது. அதன் பின்கதவில் 'பேட்டரி, ஒயரிங், பழைய சந்தை ரோடு' என்று எழுதியிருந்ததை மட்டும் அவள் படித்தாள். படிக்காமல் இருந்திருக்கலாம். மனதிலிருந்து போகவே இல்லை.

*

நாற்பது நிமிடம் தாமதம்.

பாட்டில் தொழிற்சாலையில் மூன்று நடை சோதனை. திங்கள், புதன், வெள்ளி. மூன்றும் ஒழுங்காகப் போனால் தினசரி ஓட்டம். முதல் நடையிலேயே சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னொரு தடவை லேட்டானா வேற வண்டி பார்த்துக்குவோம்மா," என்றார்.

வீட்டில் அப்பா அதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். "வெள்ளிக்கிழமை நடுரோட்டுல நின்னா, சனிக்கிழமை லாரியை இரும்புக்கு உடைக்கக் கொடுத்துடலாம்."

அப்பா முப்பது வருடம் ஓட்டிய லாரி. முழங்காலில் அறுவை செய்தபிறகு அவரால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அவள் கனரக லைசென்ஸ் எடுத்து ஓட்ட ஆரம்பித்தாள். வேறு யாரும் அவளுக்கு வேலை கொடுக்கவில்லை என்பதும் ஒரு காரணம். இந்த லாரி போனால் அவளுடைய வேலையும் போகும். அப்புறம் வீட்டில் இருக்கிற ஒரே இன்ஜினியர், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையைப் பார்க்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை முழுவதும் டேங்கைக் கழற்றிக் கழுவினாள். புது ஃபில்டர். புது வாஷர்கள். குழாய்களை ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தாள். புதன்கிழமை நல்ல வெயில். இரண்டாம் நடை பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது.

"பார்த்தீங்களாப்பா? டீசல்தான்."

அப்பா வானத்தைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம், வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில், சொட்டு மழைகூட இல்லாதபோது, அவள் லாரியை ஓடவிட்டு வைப்பரைப் போட்டாள். வைப்பர் சோம்பலாக ஒரு சுற்றுப் போனது. லைட்டைப் போட்டாள்.

பட்டுனு நின்றது.

எல்லாவற்றையும் அணைத்துச் செல்ஃப் அடித்தாள். ஓடியது. மறுபடி போட்டாள். நின்றது. நான்கு முறை. ஒவ்வொரு முறையும் அந்தக் கண்கள், 'சிரிக்கலாமா?' என்று கேட்டன.

"மழைக்கு இல்ல," என்று காலி ஷெட்டில் தனக்கே சொல்லிக்கொண்டாள். "மழைக்கு நான் போடுற வைப்பருக்கு நிக்குது."

தோற்றுப்போனது கசந்தது. ஆனால் காரணம் ஒன்று கையில் வந்து விழுந்தது இனித்தது. இனித்தது அது மட்டும்தானா என்று அவள் அதிகம் யோசிக்கவில்லை.

*

வியாழக்கிழமை. பழைய சந்தை ரோட்டில், பேட்டரிகள் வரிசையாய் அடுக்கிய கடை. கல்லாவில் கண்ணாடி போட்ட ஒரு பெண்.

"என்னம்மா வேணும்?"

"இங்க... கழுத்துல மீட்டர் மாட்டியிருப்பாரே..."

அந்தப் பெண் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினாள். "நீல லாரியா?"

"ம்?"

"நான் அவனோட அக்கா. தம்பி மூணு நாளா வானத்தையே பார்த்துக்கிட்டிருக்கான். கேட்டா, 'மழை வந்தா ஒரு லாரி நிக்கும்'ங்கறான். எனக்கென்னவோ லாரிக்காகக் கவலைப்படுற மாதிரி தெரியல. டேய்... உன் மழை வந்திருக்குடா."

உள்ளேயிருந்து அவன் வந்தான். கையில் பாதி பிரித்த டைனமோ. அவளைப் பார்த்ததும் அதை மேஜையில் வைப்பதாக நினைத்துக் காற்றில் வைத்தான். அது காலில் விழுந்தது.

"வலிக்குதா?" என்றாள்.

"இல்லைங்க," என்றான், ஒற்றைக் காலில் நின்றபடி.

"நீங்க சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. நாளைக்குக் கடைசி நடை. வர முடியுமா?"

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை, குழைவு இல்லை. தப்பு என்றால் தப்பு. அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்படித் தோற்றதை இவ்வளவு நிமிர்ந்து நின்று சொல்கிறவர்களை அவன் பார்த்ததில்லை.

"வாயை மூடிக்கிட்டு வண்டியை எடுடா," என்றாள் அக்கா.

*

"இது பேட்டரியோட நெகட்டிவ்." ஷெட்டில் நின்ற லாரியில், மீட்டரின் ஒரு முனையை அங்கே வைத்தான். "இது உங்க எர்த் போல்ட்." இன்ஜினுக்குப் பின்னால், கேபின் சுவரில், கறுப்பு ஒயர்கள் எல்லாம் வந்து சேர்கிற போல்ட்டில் இன்னொரு முனையை வைத்தான். "ரெண்டும் ஒரே இடம் மாதிரிதான். மீட்டர் பூஜ்யம் காட்டணும். ஓட விடுங்க, இன்ஜினியரம்மா."

"அம்மா வேணாம்."

"சரிங்க, இன்ஜினியர்."

இன்ஜின் ஓடியது. மீட்டரில் ஒன்றுகூட இல்லை.

"வைப்பர்."

ஐந்து வோல்ட்.

"லைட்டு."

பதினாலு. இன்ஜின் பட்டுனு நின்றது. இருவரும் மீட்டரையே பார்த்தார்கள்.

"இருபத்து நாலு வோல்ட்டுல பதினாலு இந்தப் போல்ட்டுலயே போயிடுது," என்று அவளே ஆரம்பித்தாள். வார்த்தைகள் ஒன்றையொன்று முந்தின. "மிச்சம் பத்து. அதை வச்சு சொலினாய்டு கதவைப் பிடிக்க முடியாது. அதோட எர்த்தும் இதே போல்ட்டுதானே? அப்போ... ஐயோ. நான் ஏர் எடுத்ததும் கிளம்புச்சே, அது ஏர் எடுத்ததால இல்ல. வேலை செய்யறப்போ வைப்பரையும் லைட்டையும் அணைச்சிருந்தேன்ல, அதனால."

"நான் சொல்ல வந்ததை எல்லாம் நீங்களே சொல்லிட்டா நான் எதுக்குங்க?"

"குடை பிடிக்க."

அவன் சிரித்துவிட்டான். அனுமதி கேட்காமலேயே. ஷெட்டுக்குள் வெளிச்சம் ஒரு படி கூடியதுபோல் அவளுக்குத் தோன்றியது. லைட்டு எரிகிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

"கரண்ட்டு போனா மட்டும் போதாதுங்க," என்றான் மெதுவாக. "திரும்பி வரணும். திரும்பி வர்ற வழிதான் எர்த்து. அந்த வழி அடைச்சிருக்கு."

பேட்டரியிலிருந்து போல்ட்டுக்குத் தற்காலிகமாக ஒரு தடித்த ஒயரை மாட்டினான். அதே நேரம் சொல்லிவைத்ததுபோல் மழை பிடித்தது.

"ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாமா?" என்றான்.

வைப்பர் புதுசாய்ப் பிறந்ததுபோல் வீசியது. முகப்பு விளக்குகள் மழையை வெள்ளிக் கம்பிகளாக்கின. லாரி ஏற்றத்தில் ஏறியது. நிற்கவில்லை. அவள் ஹாரன் அடித்தாள். காற்றாடியைப் போட்டாள். எரியக்கூடிய எல்லாவற்றையும் எரிய விட்டாள். நிற்கவே இல்லை.

"சிரிக்கிறீங்க," என்றான் அவன்.

"இல்ல."

"பல்லு தெரியுது."

"குளிருக்கு."

கியர் மாற்றும்போது கை அவன் முழங்காலைத் தொட்டது. இருவருமே சாலையை மிகுந்த அக்கறையோடு பார்த்தார்கள்.

"டிகிரி முடிச்சு ஏன் எங்கயும் போகல?" என்று கேட்டான்.

"போனேன். பதினோரு இன்டர்வியூ. எல்லாரும் எவ்வளவு அன்பா பேசுனாங்க தெரியுமா? 'தங்குற வசதி இல்லம்மா', 'ஷிஃப்ட் உனக்குக் கஷ்டம்மா', 'உன் நல்லதுக்குத்தான்மா'. பொண்ணு வேணாம்னு ஒருத்தரும் நேரா சொல்லல. அன்பா பொய் சொன்னாங்க. நேரா சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். அன்பா சொன்னா என்ன பண்றது... தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துட்டேன். பதினோரு தடவை."

அவன் ஆறுதல் சொல்லவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

*

ஷெட்டுக்குத் திரும்பியதும் அவள் டீ எடுத்துவர உள்ளே போனாள். அவன் எர்த் போல்ட்டைக் கழற்றினான்.

வாஷருக்கு அடியில், வட்டமாக, பளபளவென்று... நீல பெயின்ட்.

யாரோ கேபினுக்கு அழகாக பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஒயர்களைக் கழற்றி, சுவரெல்லாம் பூசி, காய்ந்தபிறகு பெயின்ட்டின் மேலேயே ஒயர்களை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். இரும்பு இரும்பைத் தொடவே இல்லை. மரையின் வழியே ஏதோ கொஞ்சம் போய்வந்துகொண்டிருந்திருக்கிறது. யார் அடித்தது என்று யோசிக்க வேண்டியதில்லை. அதே நீலம் ஸ்டியரிங் ஓரத்தில் ஒரு விரல் தடமாக இருந்தது. மெல்லிய விரல்.

உப்புத்தாளை எடுத்து வேகமாகத் தேய்த்தான். இரும்பு வெளுத்து மின்னும்வரை தேய்த்தான். அப்போதுதான் ஊன்றுகோலோடு அப்பா வந்தார்.

"என்ன தம்பி, கோளாறு கிடைச்சுதா?"

"கிடைச்சுதுங்கய்யா."

"என்னது?"

டீயோடு வாசலில் அவள் நின்றிருந்ததை அவன் பார்க்கவில்லை.

"துருங்கய்யா. பழைய வண்டியில்ல... எர்த்துல துரு."

அவள் கண் கீழே போனது. தரையில், அவன் காலடியில், நீலப் பொடி. உப்புத்தாளில் நீலம். அவன் நகத்திலும் நீலம்.

இரண்டு மாதத்துக்கு முன், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, அவர் திரும்பி வரும்போது லாரி புதுசாக இருக்க வேண்டும் என்று நான்கு நாள் தனியாக நின்று அடித்த நீலம். அதற்குப் பிறகுதான் மழைக்காலம் வந்தது. அதற்குப் பிறகுதான் லாரி நிற்க ஆரம்பித்தது.

அப்பா கேபின் சுவரைத் தட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது. "எர்த்து வரைக்கும் துரு வந்துடுச்சா... அப்போ உள்ளுக்குள்ள எல்லாம் அரிச்சிருக்கும். சரிதான். நாளைக்கு ஓட்டம் எப்படிப் போனாலும் சரி, சனிக்கிழமை உடைக்கிற ஆளை வரச் சொல்லிடறேன். என் பொண்ணை ஓட்டை வண்டியில அனுப்ப முடியாது."

"ஐயா, அப்படி இல்லைங்க..."

"முப்பது வருஷமா துருன்னா என்னன்னு எனக்குத் தெரியும், தம்பி." அவர் தட்டுத்தடுமாறி உள்ளே போய்விட்டார்.

அவன் திரும்பினான். வாசலில் டீ தம்ளரோடு அவள் நின்றிருந்தாள்.

"துருவா?" என்றாள்.

"இல்ல... நான் என்ன நினைச்சேன்னா..."

"எனக்குத் தெரியும் என்ன நினைச்சீங்கன்னு. பாவம், படிச்ச பொண்ணு. அப்பா முன்னாடி அவமானப்படக் கூடாது. உன் நல்லதுக்குத்தான்மா. அதானே?"

"உங்களைச் சின்னதாக்க வேணாம்னு..."

"இப்போதான் சின்னதாக்குனீங்க." குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "பன்னெண்டாவது ஆள் நீங்க. வண்டியில அவ்வளவும் சொன்னேனே... கேட்டுக்கிட்டுதானே வந்தீங்க? தப்பு பண்ணா தப்புன்னு என் முகத்துக்கு நேரா சொல்லுங்க. துருன்னு சொல்லாதீங்க. கிளம்புங்க."

அவன் போல்ட்டை முடுக்கினான். மீட்டர் வைத்தான். பூஜ்யம். அவளிடம் காட்டினான். அவள் பார்க்கவில்லை. டீயைக் குடிக்காமல் மழையில் இறங்கிப் போனான்.

*

கோபம் ஒரு மணி நேரம் சுகமாக எரிந்தது. பிறகு அதற்கு அடியில் வேறொன்று தெரிந்தது.

அவன் பொய் சொன்னான், சரி. அப்பா உள்ளே போனபோது, 'துரு இல்லப்பா' என்று அவள் ஏன் சொல்லவில்லை?

வாசலில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். அருகில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் அவர்கள் முன் போய் நின்றாள்.

"அப்பா, துரு இல்ல. பெயின்ட்டு. நான் அடிச்சது. அடியில சுரண்டாம ஒயரை வச்சு முடுக்கிட்டேன். முதல் வருஷப் பாடத்துலயே இருக்கு, எனக்குத் தோணல. வண்டி கெட்டியா இருக்கு. நான்தான் அதை நிறுத்தினேன். அதை உடைக்காதீங்க."

அப்பா திரும்பி லாரியைப் பார்த்தார்.

"அப்போ அந்தத் தம்பி என்கிட்ட எதுக்குப் பொய் சொன்னான்?"

"எனக்காக."

"ஓகோ."

"ஓகோ எல்லாம் வேணாம்ப்பா. எனக்கு எரிச்சலா இருக்கு."

"இருக்கத்தான் செய்யும். உனக்காகச் சொன்ன பொய்யில என் லாரி போயிருக்கும்." அவர் தாடையைத் தடவினார். "ஆனா ஒண்ணும்மா. சுரண்டிட்டுச் சும்மா போயிருக்கலாம், யாருக்குத் தெரியும்? நின்னு திட்டு வாங்கிட்டு, வேலையை முடிச்சு, மீட்டர் வச்சுக் காட்டிட்டுப் போனான். நான் ஜன்னல் வழியா பார்த்தேன். நானும்தான் முப்பது வருஷமா உங்கம்மா டீ நல்லாருக்குன்னு சொல்றேன்."

துணி மடிக்கிற கை நின்றது. "என்ன சொன்னீங்க?"

"நல்லாருக்குன்னு சொன்னேன்."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்பா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நாளைக்கு நிக்காம போச்சுன்னா, ஒருத்தரையும் வரச் சொல்லல. சரியா?"

*

வெள்ளிக்கிழமை விடிந்ததே மழையோடுதான்.

வைப்பர் வீசியது. விளக்கு எரிந்தது. நாலாயிரம் பாட்டில்கள் பின்னால் மெல்லக் கிணுகிணுத்தன. அவள் காது இன்ஜினிலேயே இருந்தது. பாலம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

லாரி நிற்கவில்லை.

ஆனால் பாலத்தின் நடுவில் வேறொன்று நின்றிருந்தது. சின்ன வேன். பானட் திறந்திருந்தது. அதன் மேல் ஒரு கறுப்புக் குடை.

மணி பத்து. பக்கத்தில் கொண்டுபோய் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கினாள்.

"டீசலா, கரண்ட்டா?"

நனைந்த முகம் நிமிர்ந்தது. அவளைப் பார்த்தான், பிறகு வீசுகிற வைப்பரை, எரிகிற விளக்கை. முகமெல்லாம் வெளிச்சம்.

"லோடு இருக்கா?"

"இருக்கு."

"அப்போ நிறுத்தாதீங்க. போங்க."

"நிறுத்தல. இறக்கிட்டு வர்றேன். அங்கேயே நில்லுங்க."

"நிக்கிறதைத் தவிர வேற வழியில்லைங்க..." என்று அவன் சொன்னது மழையில் பின்னால் போனது.

பத்து இருபதுக்கு வாசல் திறந்தது. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், மழையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் வந்துடும்மா," என்றார். சரி சார் என்று நிதானமாகச் சொன்னாள். கேபினுக்குள் ஏறிக் கதவைச் சாத்தியபிறகு ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டாள்.

பெட்டிகள் இறங்க ஒன்றரை மணி நேரம். அதில் எழுபது முறை வாசலைப் பார்த்திருப்பாள்.

திரும்பி வந்தபோது, பாலத்தில் அவன் அங்கேயே நின்றிருந்தான். குடை இன்னமும் இன்ஜினுக்குத்தான்.

"என்ன கோளாறு?" என்று இறங்கினாள்.

அவன் நேராக நின்றான். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிறவன்போல். "டீசல் தீர்ந்துபோச்சு. டீசல் அளவு காட்டுற முள் வேலை செய்யல. நாலு மாசமா செய்யல. ஊர் வண்டி எல்லாம் பார்க்குறேன், என் வண்டியைப் பார்க்கல. துரு இல்ல. என் தப்பு."

உதட்டைக் கடித்துக்கொண்டாள். பல் தெரிந்துவிடும்.

"நேத்து நடந்ததும் என் தப்புதான்," என்றான். "உங்க லாரியை உடைக்க வச்சிருப்பேன். ராத்திரியெல்லாம் அதேதான் ஓடுச்சு. இன்னொண்ணும் நேரா சொல்லிடறேன்... இந்தப் பாலம் என் கடைக்குப் போற வழி இல்லைங்க. திங்கக்கிழமை ஒரு பேட்டரி கொடுக்க வந்தேன். அது தற்செயல். இன்னிக்கு இல்ல. ஒருவேளை நின்னுச்சுன்னா முன்னாடி லைட்டு காட்டிக்கிட்டுப் போகலாம்னு காலையிலேர்ந்து இந்தப் பாலத்தையே சுத்திக்கிட்டிருந்தேன். எட்டாவது ரவுண்டுல நானே நின்னுட்டேன்."

மழை கொஞ்சம் மெலிந்தது. அல்லது அவளுக்குக் கேட்கவில்லை.

அவள் லாரி டேங்கில் குழாயைப் போட்டுக் கேனில் டீசல் பிடித்தாள். வேனில் ஊற்றினாள். ஃபில்டர் திருகைத் தளர்த்திக் கைப்பம்ப்பை அடித்தாள். நுரைநுரையாகக் காற்று வந்தது... பிறகு கண்ணாடிபோல் டீசல். திருகை முடுக்கினாள்.

"செல்ஃப் அடிங்க."

வேன் உயிர்பெற்றது. அவன் இறங்கி வந்து பழையபடி குடையைப் பிடித்தான். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவள் பேசினாள். அவனைப் பார்க்காமல் ஆரம்பித்து, பார்த்துக்கொண்டே முடித்தாள்.

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. கோபம் வரும். நிறைய வரும். அன்பா பொய் சொன்னா இன்னும் வரும். திங்கக்கிழமை உங்க பின் லைட்டைப் பார்த்துக்கிட்டே வந்தேன்ல... அன்னிக்கே பிடிச்சுப்போச்சு. ஒத்துக்கத்தான் இத்தனை நாளாச்சு. உங்களைப் பிடிச்சிருக்கு. இது துரு இல்ல."

அவன் பிடித்திருந்த குடை சாய்ந்தது.

"கரண்ட்டு போனா மட்டும் போதாது," என்றாள் அவள். "திரும்பி வரணும். நீங்கதான் சொன்னீங்க."

"வந்துக்கிட்டிருக்குங்க..." என்றான். "இருபத்து நாலும் வருது. குறையாம வருது. உங்களை முதல் தடவை பார்த்தப்பவே... நீங்க திட்டினப்பவே..."

"அது பஸ்ஸுக்கு விழுந்த திட்டு."

"நான்தானே வாங்கிக்கிட்டேன்."

எட்டி, வேனின் பானட்டை மூடினாள். அவன் கையோடு குடையைப் பிடித்து இழுத்தாள்.

"வண்டிதான் கிளம்பிடுச்சே. இனிமே ஆளுங்களுக்குப் பிடிங்க."

சின்னக் குடை. இரண்டு பேருக்கு இடம் இல்லை. அதனால் நெருங்கி நின்றார்கள். பாலத்தின் மேல் லாரியின் விளக்கும் வேனின் விளக்கும் எரிந்துகொண்டே இருந்தன.

பின்னால் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்தது.

இந்த முறை அவள் திட்டவில்லை.